துருவும் பாடபேதமும்

முப்பது நாற்பது ஆண்டுகள் கொட்டகையில் முடங்கிக் கிடந்த ஒரு காரை மீட்க முனைகிறவருக்கும், செல்லரித்த ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்க உட்காருகிறவருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றே. காலம் தின்றது போக எஞ்சியிருப்பதை என்ன செய்வது? சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுவதா, அல்லது ஊகத்தால் நிரப்பி முழுமையானதுபோல் ஆக்கிக் கொடுப்பதா? சுவடி விஷயத்தில் தமிழர்களாகிய நாம் இதற்கு விடை கண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. கார் விஷயத்தில் இன்னும் காணவில்லை. ஆகவேதான் இலக்கியம் பேசும் இடத்தில் இந்த இரும்புச் சமாசாரம்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல பத்தாண்டுகள் கிடந்த காரைப் 'புத்தம் புதிதாக்குவது' பெரும்பாலான வேளைகளில் மீட்பு அன்று, அழிப்பு. ஓடச் செய்வது வேறு, புதிதாக்குவது வேறு. முன்னது வண்டிக்குச் செய்வது. பின்னது நம் ஆசைக்குச் செய்துகொள்வது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால் ஒவ்வோர் ஆண்டும் சில அரிய வண்டிகள், அவற்றை மிக நேசிக்கிறவர்களின் கையாலேயே மறைந்து போகின்றன.

*

நண்பர் ஒருவரின் குடும்பத்தில் நான்கு கதவுகள் கொண்ட 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஒன்று இருக்கிறது. அவருடைய தாத்தா வாங்கியது. 1980களின் நடுவில் நிறுத்தியது நிறுத்தியபடி, வீட்டின் பின்புறச் சாய்ப்பில் கிடக்கிறது. இப்போது அதை மீட்க விரும்பி ஒரு பட்டறையில் விசாரித்திருக்கிறார். "ஷோரூமிலிருந்து வந்த மாதிரி செய்து கொடுத்துவிடுகிறோம்" என்றார்களாம். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டு மெட்டாலிக் சிவப்பு, புது ரெக்சின், ஏ.சி., கூடவே இன்றைய சிறு கார் ஒன்றின் எஞ்ஜின். மொத்தமும் ஒரே விலை. செய்யலாமா என்று எங்களைக் கேட்டார். கூடாது என்றோம். ஏன் கூடாது என்பதை அவருக்கு மட்டுமன்றி, இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் இந்த வண்டி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்தது இது. வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். கார் உலகம் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு ஒற்றைக் கூட்டு உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடற்பகுதிகள் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லை. ஆகவே பகுதி பகுதியாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, சேசிஸின்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடுதான் ஹெரால்டை இன்றும் மீட்கத்தக்கதாக வைத்திருக்கிறது. ஒரு ஸ்பானர் பெட்டி இருந்தால் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம். பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்ஜின் வேலை பார்க்கலாம்.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதை இங்கே உருவாக்கியது. இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்ஜின் 948 சி.சி.யிலிருந்து 1147, பிறகு 1296 என்று பெருத்துக்கொண்டே போயிற்று. இங்கே அந்தப் பழைய 948 சி.சி.யே நிலைத்தது. ஆனால் இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யாத ஒன்றை சென்னையில் செய்தார்கள். பெரிய குடும்பங்களின் வசதிக்காக நான்கு கதவு வைத்த ஹெரால்டை உருவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அது 'கெஸல்' என்ற பெயரில் உருமாறியது. 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய கார் வந்தது, அது எடுபடவில்லை. 1988-ஓடு கார் உற்பத்தி நின்றது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? ட்ரையம்ப் கார்களுக்கு இங்கிலாந்தில் ஆர்வலர் சங்கங்களும் உதிரிபாக வியாபாரிகளும் இன்றும் உண்டு. பிஸ்டன், பேரிங், பிரேக் சிலிண்டர் எல்லாம் தருவிக்கலாம். பின்கதவைத் தருவிக்க முடியாது. அது அங்கே செய்யப்படவே இல்லை. சென்னையில் அடித்த கதவுக்குச் சென்னையில் அடித்த கதவுதான் மூலப்பிரதி. நண்பரின் சாய்ப்பில் கிடப்பது ஒரு வெளிநாட்டுக் காரின் நகல் அன்று. இந்த ஊர்த் தொழிலாளர்கள், இந்த ஊர்த் தேவைக்காகச் செய்த தனிப்படைப்பு. எஞ்சியிருப்பவை குறைவு. அதைச் சுரண்டி மெட்டாலிக் சிவப்பு அடிப்பதற்குமுன் கொஞ்சம் யோசிக்கலாம் அல்லவா?

*

யோசித்த பிறகு செய்யவேண்டிய முதல் வேலை பெயிண்ட் அன்று. வண்டியை எழுப்புவது.

நெடுநாள் கிடந்த எஞ்ஜினுக்குப் புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருகுவதைப்போல் கேடு வேறில்லை. சிலிண்டர் சுவரில் படிந்த துருவில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வுகள் அவற்றின் வழியில் இறுகியிருக்கும். ஸ்டார்ட்டர் பலவந்தமாகச் சுழற்றினால் வளையம் உடையும், தள்ளுதண்டு வளையும். நல்ல மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுவார். பிறகு கிராங்க் தண்டின் முனையில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே அரைக்கால் சுற்று அசைத்துப் பார்ப்பார். அசைந்தால் பாதி வெற்றி. அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை.

அடுத்தது பெட்ரோல். டாங்கியில் தங்கிய பழைய பெட்ரோல் ஆண்டுகள் போகப்போகப் பிசினாகிவிடும். அந்தப் பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். டாங்கியின் அடியில் துருத்தூள் மண்டியிருக்கும். டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் அந்தத் தூளெல்லாம் ஊர்வலமாக எஞ்ஜினுக்கு வந்து சேரும். தவிரவும், வண்டியை நிறுத்தியபோது விற்ற பெட்ரோல் வேறு, இன்று விற்பது வேறு. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் முற்றாக நிறுத்தப்பட்டது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக்கால ரப்பர் குழாய்களை உப்பவைத்து நொய்யவைக்கும். நொய்ந்த குழாயிலிருந்து சூடான எஞ்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கின் கதையும் இதுவே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆண்டுக்கணக்கில் உள்ளே தேங்கிய ஈரம் சக்கரச் சிலிண்டர்களை அரித்து இறுக்கியிருக்கும். ஹெரால்டு போன்ற அந்தக்காலச் சிறு கார்களில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களுக்கும் சேர்ந்து பிரேக் போய்விடும். டயர் வெடிப்பு விட்டிருக்கும். ஒயர்களை எலி கடித்திருக்கும்.

இங்கே எங்களுக்கு எந்த மயக்கமும் இல்லை. பிரேக், டயர், பெட்ரோல் குழாய், ஒயரிங் இவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். இவை தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. முதல் பத்தாண்டுகளிலேயே மாறியிருக்கவும் கூடும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தொன்மை பேசுவது அறிவுடைமை ஆகாது. சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் அரித்துப் போயிருந்தால் வெட்டிப் பற்றவைப்பதும் அப்படியே. உடலைத் தாங்கும் எலும்பு அது.

எங்கள் வாதமெல்லாம் எஞ்சியவற்றைப் பற்றியது. பெயிண்ட், இருக்கைத் துணி, டாஷ்போர்டு, ஸ்டீயரிங் வளையம், சேசிஸ் எண் தகடு, எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ தொடங்கும் பழைய மதராஸ் எண்பலகை. இவை மங்கியிருக்கலாம், கிழிந்திருக்கலாம். மாற்றினால் வண்டி நன்றாக ஓடும் என்பதில்லை. மாற்றினால் போவது மட்டும் நிச்சயம்.

*

இதெல்லாம் இங்கே மட்டும் எழுந்த கேள்வி அன்று. உலகில் இதற்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்றது 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி. பந்தய வண்டி என்பதால் எஞ்ஜின், சேசிஸ், உடல் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தது. பின்னாளில் அதை ஒரு கோடிப் பவுண்டுக்கு விலைபேசியபோது, வாங்க ஒப்பியவர் தரப்பு 'இது அந்த வண்டியே இல்லை' என்றது. 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பழைய பாகங்கள் சொற்பமே எஞ்சியிருந்தாலும், வரலாறு இடையறாமல் தொடர்வதால் அந்தப் பெயருக்கு உரியது இதுவே.

புதிதாக்கும் கட்சிக்காரர்கள் இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடும். நாங்கள் வேறுவிதமாக வாசிக்கிறோம். அந்த பென்ட்லி மாறியது ஓடி ஓடி மாறியது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பந்தயத்தின், ஒரு விபத்தின் விளைவு. அதுவே அதன் வரலாறு. நாற்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்த வண்டிக்கு ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றுவதில் அப்படித் தொடர்வது எதுவுமில்லை.

மறுகோடியில் ஒரு புகாட்டி. 1925-ஐச் சேர்ந்த பிரெசியா வகை. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா அருகே மஜோரே ஏரியில் 1936-இல் இறக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சுங்கத் தீர்வைதான் காரணம் என்பது கதை. சங்கிலி அறுந்து ஐம்பது மீட்டருக்கும் கீழே போய், முக்குளிப்போரின் காட்சிப்பொருளாகக் கிடந்தது. 2009 ஜூலையில் மேலே தூக்கினார்கள். ஒரு பக்கம் ஏறத்தாழக் கரைந்தே போயிருந்தது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. வாங்கியவர் கலிஃபோர்னியாவின் முலின் அருங்காட்சியகத்தை நிறுவியவர். பணத்துக்குப் பஞ்சமில்லாதவர், நினைத்திருந்தால் புதிதாகவே செய்திருக்கலாம். செய்யவில்லை. துருவோடு, ஏரிச்சேற்றின் வடுவோடு அப்படியே காட்சிக்கு வைத்தார். 2024-இல் அந்த அருங்காட்சியகம் மூடப்படும்வரை, பளபளக்கும் மற்ற கார்களுக்கு நடுவே பார்வையாளர்களைத் தடுத்து நிறுத்தியது இந்தத் துருக்கூடுதான்.

2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த பையோன் குடும்பத்துச் சேகரிப்பின் ஏலமும் இங்கே நினைக்கத்தக்கது. மேற்குப் பிரான்சின் ஒரு பண்ணையில் தகரச் சாய்ப்புகளின்கீழ்ப் பல பத்தாண்டுகள் மறந்து கிடந்த கார்கள். அவற்றில் ஒரு ஃபெராரியின்மேல் பழைய தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபெராரி 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. பணம் எங்கள் அளவுகோல் அன்று. ஆனாலும், தூசிக்கு மதிப்பில்லை என்போருக்குச் சந்தையின் மொழியிலேயே ஒரு பதில் இது.

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2013-இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. சாரம் எளியது: குறைவாகத் தலையிடு, செய்ததைப் பதிவு செய், மாற்றிய பாகத்தில் கண்ணை உறுத்தாத ஆனால் அழியாத அடையாளம் இடு.

*

இந்த மூன்று கட்டளைகளும் நமக்குப் புதியவையா? உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது செய்தது இதுதானே. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் அந்த இரண்டு எண்களுக்கு எதிரே வெறுமைதான். பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அங்கே புள்ளிகள் நிற்கின்றன. சங்கச் செய்யுளின் நடை அவருக்குக் கைவராததா? நிரப்ப எண்ணியிருந்தால் நாம் கண்டுபிடிக்க முடியாதபடி நிரப்பியிருக்க முடியும். நிரப்பவில்லை. வெவ்வேறு ஏடுகளில் கண்ட வேறுபாடுகளையும் அடிக்குறிப்பில் பிரதிபேதம் என்று காட்டினார். அந்தப் புள்ளிகளால்தான் மற்ற வரிகளை நாம் நம்புகிறோம்.

காரின் துருவும் அப்படி ஒரு பாடபேதம். நீலத்துக்கு அடியில் தெரியும் சாம்பல்நிறம், ஆலையில் அடித்த முதல் பெயிண்டாக இருக்கலாம். ஓட்டுநர் இருக்கையின் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது ஒருவர் இருபதாண்டுகள் ஏறி இறங்கியதன் சாட்சி. மட்கார்டின் ஒடுக்கு ஏதோவொரு வண்டிச் சக்கரத்தின் கையெழுத்து. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலியூரிதேன் பெயிண்ட் அடித்தால் எல்லாம் ஒரே சீராகும். படிக்க ஒன்றும் இராது. திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்களின்மேல் மணல்வீச்சு நடத்தி எழுத்துகளை மழுங்கடித்த கொடுமைக்கு நாமெல்லாம் வருந்தினோம். வீட்டுக் கொட்டகையில் அதையே சிறிய அளவில் செய்துகொண்டு மகிழ்வது என்ன நியாயம்?

சட்டமும் இப்போது எங்கள் பக்கம் ஓரளவு சாய்ந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். முக்கியமான நிபந்தனை: வண்டி மூலவடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்ஜின் இவற்றில் பெருமாற்றம் கூடாது. நண்பருடைய பட்டறைக்காரர் சொன்ன புது எஞ்ஜின் இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

*

எதிர்வாதங்கள் உண்டு. 'என் தாத்தா வாங்கியபோது இது பளபளவென்றுதானே இருந்தது. அந்தக் கோலத்தில் பார்க்க ஆசைப்படுவது குற்றமா?' என்று கேட்கலாம். குற்றமன்று. ஆனால் அந்தக் கோலம் திரும்பி வராது. வருவது இன்றைய பெயிண்ட், இன்றைய ரெக்சின். தாத்தாவின் கைபட்ட ஸ்டீயரிங் வளையத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தாத்தாவை நினைவுகூர்வதில் பொருள் என்ன? ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) பார்த்தவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். பிமல் நேசித்த அந்த ஓட்டை ஷெவர்லே இறுதியில் காயலான் கடைக்குப் போகிறது. ஒரு குழந்தையின் கையில் அதன் ஹாரன் மட்டும் எஞ்சுகிறது. அந்த ஒலியில் வண்டி முழுவதும் இருக்கிறது. மாற்றிப் புதிதாக்கிய வண்டியில் அது இருக்குமா?

'துரு அப்படியே நிற்காதே, தின்றுகொண்டே போகுமே' என்பது இன்னும் வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறோம். கடற்கரை ஊர்களில் அது நாள்தோறும் தின்னும். எனவே தளர்ந்த துருவை நீக்கி, மெழுகோ எண்ணெயோ துருவடக்கியோ பூசி, ஈரம் அண்டாமல் நிறுத்துங்கள். முழுக்க ஓட்டை விழுந்த தகட்டை அந்த அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டுங்கள். ஒரு கையகல ஓட்டைக்காக முழு வண்டியையும் சுரண்டுவதைத்தான் மறுக்கிறோம். ஏட்டில் ஒரு சொல் செல்லரித்தது என்பதற்காக எவரும் பாட்டு முழுவதையும் திருத்தி எழுதுவதில்லை.

மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்பதில்லை; நாங்களே எழுப்புகிறோம். வண்டியோடு சேர்ந்து அழிவது கைத்தொழில். கார்புரேட்டரின் மூச்சைக் காதால் கேட்டே சரிசெய்கிறவர்கள், ஒடுக்கை உள்ளிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி, பட்டியே பூசாமல் எடுக்கும் டிங்கர்கள், கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து கொடுக்கிறவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், பலரும் முதியவர்கள். கழற்றி எறிந்து புதிதை மாட்டும் வேலைக்கு இவர்கள் தேவையில்லை. இருப்பதைக் காப்பாற்றும் வேலைக்கு இவர்களே தேவை. பழைய வண்டி ஒன்றை நிதானமாக மீட்பது, ஓர் இளைஞனை இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வருடம் உட்காரவைப்பதற்குச் சமம். எழுதிவைக்கப்படாத இந்த அறிவு போய்விட்டால் எந்தச் சங்கத்திடமிருந்தும் தபாலில் தருவிக்க முடியாது.

ஆகவே நண்பருக்கும் அவரைப் போன்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. சாய்ப்பிலிருந்து வண்டியை வெளியே இழுப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இருக்கைக்கு அடியிலும் கையுறைப் பெட்டியிலும் கிடக்கும் காகிதம் ஒன்றையும் எறியாதீர்கள். பழைய பெட்ரோல் ரசீதும் ஆவணமே. முதலில் ஓடச் செய்யுங்கள், நிற்கச் செய்யுங்கள். அழகு பிறகு. கழற்றிய பாகத்தைப் பெயரெழுதிப் பெட்டியில் போடுங்கள். என்ன மாற்றினோம், எப்போது, ஏன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெயிண்டை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வருடம் மங்கிய கோலத்திலேயே அதை ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் புதிதாக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் பட்டறைக்காரர் எங்கும் போய்விடமாட்டார். சுரண்டிய பெயிண்டைத்தான் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.